பூச்சியத்தில் மடித்த வரைபு

ஜெசிந்தா காலமான செய்தி வந்தபோது, அவருடைய நனோக் கம்பிக்குள் இலத்திரன்கள் ஓடிக்கொண்டிருந்தன. கணவர் மரியதாஸ் அண்ணை பேசாலையிலிருந்து காலையில் அழைத்துச் சொன்னார். நான் அழுதேன், ஆனால் அளவீட்டை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் ஜெசிந்தா என்னை மன்னித்திருக்க மாட்டார்.

கொழும்பு ஆய்வுகூடத்தில் நாங்கள் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் அடம்பன் வயல்காரன், அவர் மன்னார்த் தீவின் கடற்கரைக்காரி. வாக்குவாதத்துக்குக் கேட்கவா வேண்டும்? தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய குறைகடத்திக் கம்பியைக் கடுங்குளிரில் வைத்து, அதன் நீளவாக்கில் காந்தப்புலம் செலுத்துவோம். புலத்தைக் கூட்டக் கூட்ட மின்னோட்டம் ஏறி இறங்கி அலையடிக்கும் என்று அவர் அடித்துச் சொன்னார். இலத்திரன் கம்பியின் மேற்பரப்பை இரண்டு பக்கமாகவும் ஒரே நேரத்தில் சுற்றிவந்து தன்னையே சந்திக்கிறது என்று அவர் விளக்கத் தொடங்கினால், வாசல் காவலாளிகூட நின்று கேட்பார்.

"கரைவலை மாதிரித்தான். ரெண்டு பக்க இழுப்பும் ஒத்தால் வலை நேரா வரும். காந்தப்புலம் ஒரு பக்கத்தை முந்த வைக்கும், மற்றதைப் பிந்த வைக்கும்."

சென்ற மாரியில் அலை வந்தே விட்டது. நான் துள்ளிக் குதித்தேன். கட்டுரையை அனுப்பிவிடுவோம் என்றேன். அவரோ வரைபை அச்சிட்டு, புலம் பூச்சியமாகும் கோட்டில் மடித்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். புலத்தின் திசையைத் திருப்பினாலும் அதே அலை வரவேண்டும். இரு பாதிகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால்தான் அவர் நம்புவார். படியவில்லை. இது கம்பியின் அலையல்ல, முனைகளில் வைத்த மின் இணைப்பு காட்டும் கூத்து என்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவேயில்லை.

புதிய இணைப்புகள் வைத்து முடியுமுன் புற்றுநோய் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டது. தொலைபேசியில் தன் நோவைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார். "மடிச்சுப் பாத்தனீங்களோ?" என்பார்.

அன்று மாலை அளவீடு முடிந்தது. அச்சிட்ட தாளை மடிக்காமலே மன்னார் பேருந்தில் ஏறினேன். மடிப்பது அவருடைய வேலை. மறுநாள் காலை பேசாலை வீட்டில் செபமாலை முடிந்ததும் அண்ணை என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"மடியுங்கோ. கடைசி மட்டும் அதைத்தான் கேட்டவ."

யன்னலடிக்குப் போய் மடித்து, வெயிலுக்கு நேரே பிடித்தேன். ஏற்றத்தின்மேல் ஏற்றம், இறக்கத்தின்மேல் இறக்கம். இரண்டு கோடுகளும் ஒரே கோடாகத் தெரிந்தன. செத்தவீடு என்பதையும் மறந்து சிரித்துவிட்டேன். அண்ணையும் அழுதபடியே சிரித்தார். மடிப்புக் குலையாமல் அந்தத் தாளை ஜெசிந்தாவின் கைகளுக்குள், செபமாலையோடு வைத்தோம்.

படிஞ்சிட்டுது, ஜெசிந்தா. போயிட்டு வாங்கோ.