மணவறை பார்த்தவர்களின் பெயர்கள்

துஷாராவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சில்க்போர்க் நகரில் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. சனி ஞாயிறுகளில் கல்யாணங்களுக்கு மணவறை அலங்காரம். பேஸ்புக்கில் வயதானவர்கள்தான் மிச்சம் என்று இன்ஸ்டகிராமுக்குப் போனாள். அங்கே லண்டன் அலங்காரக்காரர் நிறைந்துவிட்டார்கள் என்று டிக்டொக்குக்குத் தாவினாள். புதிதாக ஒன்று முளைத்ததாகக் காதில் விழுந்தால், அன்றைக்கே அதில் கடை விரிப்பாள்.

"நாளைக்குச் சந்திரனிலயும் ஒரு பக்கம் திறப்பாய்" என்பான் கணவன் துவாரகன்.

"ஆள் இருந்தாத் திறப்பன்."

இந்த வசந்தத்தில் அவள் பிடித்தது தோர்வ் என்ற செயலி. சிறு வியாபாரிகளுக்கென்றே வந்தது. படத்தைப் போட்டால், விரும்பியவர்கள் அதைக் குறித்து வைக்கலாம். குறித்தவர்களின் பெயர்கள் படத்தின் கீழே எல்லோருக்கும் தெரியும். வாடிக்கையாளரே விளம்பரம் என்பது அவளுக்கு நியாயமாகப் பட்டது. தன் மணவறைப் படங்களை எல்லாம் ஏற்றினாள்.

முதல் வாரம் நாற்பது பேர் பார்த்தார்கள். மூன்றாம் வாரத்தில் நாளுக்கு அறுநூறு பேர். அந்த எண்ணை நம்பி, மே மாதத்திலிருந்து பாதி நேரம் மட்டும் வேலை செய்யலாமா என்று இல்லத்தின் பொறுப்பாளர் கிர்ஸ்டனிடம் கேட்டாள். பாதி நேர இடம் ஒன்று இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல் என்றாள் கிர்ஸ்டன்.

ஒன்றுதான் உறுத்தியது. அறுநூறு பேரில் ஒருவர்கூட விலை கேட்டு எழுதவில்லை. விலையைக் குறைத்தாள். படங்களின் வரிசையை மாற்றினாள். சாப்பாட்டு இடைவேளையிலும் போனைத் திறந்து திறந்து பார்த்தாள். எண் ஏறிக்கொண்டே போனது, அழைப்பு வரவில்லை.

புதன்கிழமை ஒன்று வந்தது. புரொண்பியிலிருந்து சயந்தினி. மகள் சாரங்கி பெரியபிள்ளையானபோது சாமத்தியவீட்டு அலங்காரத்துக்குத் துஷாராவைக் கூப்பிட்டவள்.

"துஷாரா, என்ர வீட்டு விஷயத்தை நோட்டீஸ் அடிச்சு ஒட்டுறியோ?"

"என்னக்கா, என்ன நடந்தது?"

"அந்த வெள்ளைப் பூ மணவறை வடிவா இருக்கெண்டு குறிச்சு வைக்க அமத்தினன். கீழ என்ர பேர் கிடக்கு! சாரங்கிக்குப் பேச்சு இன்னும் முடியேல்லை. மாப்பிள்ளையின்ர தாய் கேக்கிறா, நாங்கள் ஓம் எண்டு சொல்ல முதல் மணவறை பாக்கிறியள், அப்பிடி என்ன அவசரம் எண்டு."

"அவவுக்கு ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? ஊரே உன்ர பக்கத்திலதானே நிக்குது. புதுசா ஆற்ற பேர் ஏறியிருக்கெண்டு காலமை எழும்பினதும் பாக்கினம். தேத்தண்ணி அதுக்குப் பிறகுதானாம்."

துஷாரா பெயர்களைத் திறந்து பார்த்தாள். ஆறு பேர். ஆறும் கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகள். அறுநூறு பேர் வந்தது மணவறை பார்க்க அல்ல.

பெயர்களை மறைக்க வழியுண்டா என்று செயலிக்காரருக்கு எழுதினாள். இல்லை என்று பதில் வந்தது. பக்கத்தை மூடினால், முதல்முறையாக ஏறிய எண்ணும் அதோடு போகும். வியாழன் முழுவதும் கராஜில் மணவறைத் தூண்களை இடம் மாற்றி மாற்றி வைத்தாள். மாலையில் பக்கத்தை மூடினாள். மாப்பிள்ளையின் தாய்க்குத் தானே போன் எடுத்து, பெயர் வருவது செயலியின் வழக்கம், சயந்தினி அக்கா ஒன்றும் ஒழுங்கு செய்யவில்லை என்று விளக்கினாள். வெள்ளிக்கிழமை கிர்ஸ்டனிடம் போய், முழு நேரமே இருக்கட்டும் என்றாள்.

ஞாயிறு சயந்தினியின் குரல் அடங்கி வந்தது.

"பேச்சு முடிஞ்சுது. ஓகஸ்ட் கடைசிக் கிழமை. அந்த வெள்ளைப் பூவையே செய். ஒருத்தருக்கும் மூச்சு விடாத."

மாலைக்குள் அந்த ஆறு பேரில் இன்னும் மூவர் போன் எடுத்து மணவறை கேட்டார்கள். பக்கத்தை மூடியவள் வாயையும் மூடுவாள் என்று நம்பியிருக்க வேண்டும். எல்லாம் கோடைக் கல்யாணங்கள். திங்கட்கிழமை துஷாரா கிர்ஸ்டனிடம் ஓடினாள். பாதி நேர இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்தாயிற்று. ஒக்டோபர் வரை மாற்ற முடியாது.

"கிழமைநாளெல்லாம் இல்லத்தில, சனி ஞாயிறு மணவறை" என்றான் துவாரகன். "நித்திரை எப்ப கொள்ளப்போறாய்?"

"புரொண்பிக்குப் போக மூண்டு மணித்தியாலம் எல்லோ. நீங்கள் வானை ஓட்டுங்கோ, நான் பின்னால பூவுக்கு நடுவில படுக்கிறன்."