ஒரு மணிக்குக் கரையேறிய ஹோம் நர்ஸ்

ஹோம் நர்ஸ் என்றதும் நான் நர்ஸ் படிப்புப் படித்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். வீடுகளுக்கு ஆள் அனுப்பும் பாலக்காட்டு ஆபீசில் பத்து நாள் பழக்கினார்கள், ஒரு நீல அங்கி கொடுத்தார்கள், அவ்வளவுதான். கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை போனதும் இதில் வந்து விழுந்தேன்.

அனுப்பிய இடம் எருத்தேன்பதியில் ஒரு தோட்டத்து வீடு. பக்கவாதத்தில் படுத்துவிட்ட பெரியவரை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். என் சம்பளத்தை அவர் மகன் ஆபீசுக்குக் கட்டுவார். ஆபீஸ் தன் பங்கைக் கடித்துக்கொண்டு மிச்சத்தை எனக்குத் துப்பும். தொலையட்டும். என் சண்டை தூக்கத்துக்காக. ராத்திரியெல்லாம் அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, பகலெல்லாம் குளிப்பாட்டி ஊட்டி, எனக்குத் தலை சுற்றியது. ஒருநாள் காலை மாத்திரைக்குப் பதில் ராத்திரி மாத்திரையை எடுத்துக் கையில் வைத்திருந்தேன்.

பகலில் இரண்டு மணி நேரம் படுக்க விடுங்கள் என்று மகனிடம் கேட்டேன்.

"இருபத்திநாலு மணி நேரம்னுதானுங்களே அம்மிணி ஆபீஸ்ல பேசுனாங்க?"

ஆபீசுக்குப் போன் போட்டேன். "வீட்டுக்காரர் சொன்னா படுத்துக்க" என்று மேடம் வைத்துவிட்டாள். என்ன ஒரு தாராளம்!

பெரியவருக்கு நினைவு பழைய காலத்திலேயே நின்றுபோயிருந்தது. என்னைக் களையெடுக்க வந்தவள் என்றே நம்பினார். எங்கள் பக்கம் காலையில் வயலில் இறங்கும் பெண்கள் ஒரு மணிக்கு வேலையை முடித்துக் கரையேறிவிடுவார்கள். அதற்கு மேல் நிறுத்தினால் மறுநாள் ஒருத்தியும் வரமாட்டாள். அதனால் கடிகாரம் ஒரு மணி அடித்ததும் படுத்தபடியே குரல் கொடுப்பார்: "மணி ஒண்ணாச்சு! கரையேறுங்க அம்மிணி, ஊட்டுக்குப் போங்க!"

ஒரு வாரம் இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே துணி அலசினேன். அப்புறம்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. அன்றைக்கு அவர் சொன்னதும் மகனைக் கூப்பிட்டு, "கொஞ்சம் ஐயாவைப் பாத்துக்கோங்ணா, நான் கரையேறுறேன்" என்றேன்.

"அப்பாவுக்குப் புத்தி தெளிவில்லீன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"இந்த ஊடு ஆரு பேர்லீங்ணா இருக்குது?"

"அப்பா பேர்லதான்."

"அப்ப ஊட்டுக்காரரு சொல்லிப்போட்டாருங்க."

பக்கத்து அறையில் பாய் விரித்துப் படுத்தேன். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவர் மகனிடம் பேசுவது கேட்டது.

"ஆரப்பா நீ? புது ஆளா?"

மகன் கஞ்சிக் கிண்ணத்தில் கரண்டியைப் போட்டுக் கலக்கினார்.

"கூலி, நேரம் எல்லாம் முன்னாலயே பேசிக்க சாமி. எம்பையங்கிட்ட ஏமாந்துபோடாதே. அவன் ஆளை லேசுல உடமாட்டான்."

தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். எப்போது தூங்கினேனோ தெரியாது. எழுந்து பார்த்தால் மணி மூன்று. மகன் இடுப்பைப் பிடித்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், சட்டையெல்லாம் கஞ்சி.

"நாளைக்கும் ஒரு மணிக்குத்தானுங்களா அம்மிணி?" என்றார்.