ஏழாம் குழாய்ப் பக்கத்து மணல்

அந்த மண் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் மணலக்கா. இருபத்திரண்டு வருஷமாக மணலைக் காயவைத்து, சலித்து, எடை போட்டவள். ஆனாலும் மணலைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. களிமண்ணுக்காவது கொஞ்சம் பிடிப்பு உண்டு. மணல் யாரோடும் ஒட்டாது, தண்ணீர் கூப்பிட்டால் கூடவே ஓடிவிடும் என்பாள்.

சுரங்க ரயிலுக்காக ஆற்றோரம் குழி தோண்ட வந்தபோதுதான் அந்த அபிப்பிராயம் ஆட்டம் கண்டது. அங்கே எட்டடி தோண்டினாலே ஊற்று பொங்கி மணல் சரியும். அதனால் குழியைச் சுற்றி வட்டமாக இரும்புக் குழாய்களை இறக்கி, பனிக்கட்டியைவிடக் குளிர்ந்த உப்புநீரை அவற்றுக்குள் ஓடவிட்டார்கள். மணல் மணிகளுக்கு நடுவே இருந்த தண்ணீர் உறைந்தது. முதல் துண்டு கூடத்துக்கு வந்த அன்று அவள் சுத்தியலால் ஒரு போடு போட்டாள், சுத்தியல்தான் துள்ளியது. மேலே தண்ணீர் ஊற்றினாள். ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. போன மாதம் வரை சல்லடை மாதிரி ஒழுகிய அதே மணல். அன்றைக்குச் சாப்பிடவே மறந்துவிட்டாள்.

குழிக்குள் முதலில் இறங்கப் போகிறவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. தோண்டும் ஆட்களுக்கு அவன்தான் மேஸ்திரி. வெப்பமானிகள் எல்லாம் பூஜ்யத்துக்குக் கீழே நாலு டிகிரி காட்ட, நாளைக்கே இறங்கலாம் என்றார் இன்ஜினியர். மணலக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. குழியின் நடுவே ஓர் அளவுக்குழாய் இருந்தது. பனிச்சுவர் முழு வட்டமாக மூடிக்கொண்டால், உறைந்து பருக்கும் சுவர் நெருக்க, உள்ளே மாட்டிய தண்ணீர் வேறு போக்கிடம் இல்லாமல் அதில் ஏற வேண்டும். மூன்று நாளாக ஏறவில்லை.

"சார், எங்கயோ வழி திறந்திருக்கு."

"வெப்பமானி பொய் சொல்லுமாம்மா?" என்றார் இன்ஜினியர்.

"பொய் சொல்லல சார். குளுந்திருக்குன்னு மட்டும்தான் அது சொல்லுது. கெட்டியாயிடுச்சுன்னு சொல்லலையே."

தம்பி சிரித்தான். "எனக்குப் பொண்ணு பாத்தப்பகூட நீ இவ்வளவு குறை சொல்லலக்கா."

"அப்ப விட்டதுக்கும் சேத்துதான் இப்ப சொல்றேன். பேசாம துளையப் போடு."

ஒவ்வொரு குழாய்க்குப் பக்கத்திலும் துளையிட்டு மணல் எடுத்தார்கள். ஆறு துண்டுகள் கல்லாக வந்தன. ஏழாவது சொதசொதவென்று வந்து அவள் உள்ளங்கையிலேயே உதிர்ந்தது. வெப்பமானியைச் செருகிப் பார்த்தார்கள். அதே நாலு டிகிரிதான். அவள் ஒரு துளி மணலை நாக்கு நுனியில் வைத்தாள். ஒரே உப்பு. குழாயின் இணைப்பு கசிந்து உப்புநீர் மணலில் கலந்திருந்தது. உப்பு சேர்ந்த தண்ணீர் அந்தக் குளிருக்கெல்லாம் உறையாது. தம்பியின் சிரிப்பு நின்றது. ஒரு சாண் இடைவெளி போதும், ஆறு உள்ளே வந்துவிட.

கசிந்த குழாயை அடைத்துவிட்டு, உப்பு எட்டாத தூரத்தில் வெளிப்புறமாகப் புதுக் குழாய்களை இறக்கினார்கள். ஒன்பதாம் நாள் காலையில் அளவுக்குழாயில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. மணலக்கா தானே மூன்று தடவை அளந்து பார்த்த பிறகுதான் இன்ஜினியரிடம் சொன்னாள்.

பத்து நாள் தோண்டினார்கள். ஆற்றுமட்டத்துக்கு நாற்பதடி கீழே வேலை முடித்து ஏணியில் ஏறிவந்த தம்பி, மேலே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தான். பொலபொலவென்று புழுதி கொட்டியது, ஒரு சொட்டு ஈரமில்லை.

"என்னக்கா, அழறியா?"

"ஆமாடா," என்றாள்.