மருந்து அளந்த கை

அண்ணாவுக்குச் சலரோகம் இருக்கவில்லை. ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் இதைச் சொன்னால்தான் என்னால் மிச்சத்தை எழுத முடியும். செத்தவீட்டில் என் காதுபட மூன்று பேர் சொன்னார்கள்: "சுகர்தானே. சாப்பாட்டைக் கவனிச்சிருந்தால் மனிசன் இருந்திருப்பார்." சமைத்துப் போட்டவள் நான். அன்று பதில் சொல்லத் தெம்பு இருக்கவில்லை. இன்றும் பெரிதாக இல்லை. இரண்டு கிழமையாக என் கணவர் எழுது எழுது என்று நச்சரித்ததால் எழுதுகிறேன்.

அண்ணா சாவகச்சேரிக்குக் கிட்ட, எங்கள் பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்தார். அவருக்கு அடுத்து நான், எனக்குப் பிறகு யாரும் இல்லை. அப்பா வேளைக்கே காலமாகிவிட்டதால் படிப்பை நிறுத்தி யந்திர வேலை பழகினார். உழைத்து என்னைக் கட்டிக் கொடுத்தார். தான் கட்டவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், "ஒண்டும் அளவு சரிவரேல்லை" என்று பகிடி விட்டுத் தப்பிவிடுவார். நாடு கெட்ட நேரத்தில் முதலில் அவர் கனடா வந்தார், பின்னால் எங்களைக் கூப்பிட்டார். வோபர்ன் என்ற இடத்தில் நாங்கள் வாங்கிய வீட்டின் பேஸ்மென்ற்றில் அவரும், மேலே நானும் கணவருமாகக் கடைசிவரை ஒன்றாகவே இருந்தோம். யந்திர உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், செய்து வரும் பாகங்களை அளந்து பார்ப்பது அவருடைய வேலை. மயிரிழை கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். செவ்வாய், வெள்ளி மச்சம் மாமிசம் தொடமாட்டார். எறும்பைக்கூட ஊதித்தான் விடுவார்.

அப்படிப்பட்டவர் துவக்கு வாங்கினார் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் வாங்கினார்.

அவரோடு வேலை செய்து ஓய்வு பெற்ற வோல்டர் என்ற வெள்ளைக்காரர் ஒரு சனிக்கிழமை அவரைத் தன் குறிசுடும் கழகத்துக்குக் கூட்டிப் போனார். நகரத்துக்கு வெளியே, கிழக்கே, சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு நீளமான வெளி. ஒரு முனையில் மேசையும் மணல்மூட்டையும், நூறு யார் தூரத்தில் குறிக் கடதாசி. அவ்வளவுதான். முறைப்படி அனுமதிப் பத்திரம் எடுத்து, பூட்டுப் போட்ட இரும்பலுமாரியோடு துவக்கு வீட்டுக்கு வந்த அன்று நான் கத்திய கத்து வீதிக்கே கேட்டிருக்கும்.

"துவக்குக்குப் பயந்துதானே நாங்கள் ஓடி வந்தனாங்கள்? இப்ப நீங்கள் வீட்டுக்கை கொண்டந்து வைக்கிறியள்!"

"உது சுடுறதுக்கில்லை, தங்கச்சி. அளக்கிறதுக்கு" என்றார் அண்ணா, கோபப்படாமல்.

அவர் சொன்னது பிறகுதான் விளங்கியது. கடையில் வாங்கும் துவக்கு ரவைகள் அவருக்குப் பிடிக்கவில்லை. ஐந்து வெடி வைத்தால் ஐந்து துளைகளும் ஒரு வடை அளவுக்குப் பரவி விழும். சுட்ட வெற்றுக்கோதுகளைப் பொறுக்கி வந்து, துடைத்து, பழைய அளவுக்கு அமுக்கி, அடியில் தீப்பற்றும் புதிய கேப்பு வைத்து, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, மேலே ஈயச் சன்னத்தை ஏற்றித் தானே ரவை செய்யத் தொடங்கினார். கையேட்டில் சொன்ன மிகக் குறைந்த அளவில் தொடங்கி, துளித்துளியாக மருந்தைக் கூட்டி, ஒவ்வோர் அளவிலும் ஐந்து ரவை. சனிக்கிழமை சுட்டுப் பார்த்துக் கடதாசியைக் கொண்டு வந்து கொப்பியில் ஒட்டி எழுதுவார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். மருந்தை மாற்றினால் சன்னத்தைத் தொடமாட்டார். ஒரு வருடத்துக்கு மேல் இதே வேலை. கடைசியில் ஐந்து துளைகளையும் ஒரு பத்துச் சத நாணயக் குற்றியால் மூடக்கூடிய அளவு வந்தது. அன்று அவர் அந்தக் கடதாசியைக் குசினியில் என் முன்னால் விரித்து வைத்துவிட்டு நின்ற நிற்பு, பிள்ளை பெற்ற தகப்பன் நிற்பதுபோல இருந்தது. நான் கீரை நறுக்கிக்கொண்டிருந்தேன். "நல்லாயிருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

துவக்கு விஷயம் வெளியில் தெரியக்கூடாது என்பது என் நிபந்தனை. தெரிந்தால் எங்கள் சனம் என்னென்ன கதை கட்டும் என்று எனக்குத் தெரியும். கழகத்துக்குப் போகும் வழியில் பிக்கரிங்கைத் தாண்டும்வரை அண்ணா தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொள்வார். அங்கே என் கணவரின் மாமி இருந்தார். ஆனால் கதையைக் கெடுத்தது தொப்பியல்ல, என் வாய். மாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அண்ணாவை விசாரித்தார். நான் யோசிக்காமல், "கீழை மருந்து போட்டுக்கொண்டிருக்கிறார்" என்றேன்.

"ஐயோ, என்ன பிள்ளை வருத்தம்? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "கொஞ்சம் சுகர், மாமி" என்று சொல்லிவிட்டேன். அடுத்த கிழமையே மாமி பாகற்காயும் குரக்கன் மாவுமாக வந்து இறங்கினார். அதன் பிறகு எந்தக் கலியாண வீட்டிலும் அண்ணாவின் இலையில் பாயசம் விழவில்லை. இனிப்பென்றால் உயிர் அவருக்கு. வீட்டுக்கு வந்து சீனியை அள்ளி வாயில் போட்டபடி, "உன்ரை வாயாலை எனக்கு வந்த வருத்தம்" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

பிறகு துளைகள் பரவத் தொடங்கின. பத்துச் சதம் இருபத்தைந்து சதமாகி, அதுவும் போதாமல் போயிற்று. மருந்து டின் புதிது, அதுதான் காரணம் என்றார். குளிர் என்றார். சன்னத்தை இன்னும் கொஞ்சம் வெளியே விட்டுப் பார்த்தார். துவக்கின் மேல் பூட்டிய தொலைநோக்கியின் திருகாணிகளை இறுக்கினார். கேப்பை மாற்றினார். கோதுகளை எல்லாம் எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கினார். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, மாதக்கணக்கில். கொப்பி தடித்ததே தவிரத் துளைகள் நெருங்கவில்லை.

இனி எழுதுவது எனக்குக் கஷ்டம். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், இரண்டு சிவ்ட் தொடர்ந்து செய்துவிட்டு வந்து அவருக்குத் தேநீர் கொண்டு கீழே போனேன். ஒரு சிறு குழாயைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் உருட்டி, மருந்தை மணிமணியாகத் தராசில் விழுத்திக்கொண்டிருந்தார். விளக்கு அந்தக் கையில் விழுந்தது. பெருவிரலின் அடியில் இருக்க வேண்டிய சதை இல்லை. குழி விழுந்திருந்தது. அப்படிப்பட்ட கையை நான் வேலையில் கழுவித் துடைத்திருக்கிறேன். அது என்ன வருத்தம் என்றும் எனக்குத் தெரியும். கேட்க வாய் திறந்தேன். கால் இரண்டும் கடுத்தன. நாளைக்குக் கேட்போம் என்று தேநீரை வைத்துவிட்டு மேலே போய்ப் படுத்துவிட்டேன். அந்த நாளை வரவில்லை. வேலை, வீடு, மறுபடி வேலை. பயமும்தான். களைப்பென்று சொன்னால் அதில் பாதி பயம்.

ஆவணியில், காரின் சாவி இறுக்கமாக இருக்கிறது, திருப்ப முடியவில்லை என்று என்னை ஓட்டச் சொன்னார். நான் திருப்பினேன். சாவியில் ஒரு இறுக்கமும் இல்லை. அன்றுதான் முதன்முறையாகக் கழகத்தின் கொட்டிலுக்குள் போய் அவருக்குப் பின்னால் இருந்தேன். அண்ணா ஐந்து வெடி வைத்தார். துளைகள் உள்ளங்கை அளவுக்குச் சிதறியிருந்தன. பக்கத்தில் இருந்த வோல்டரிடம் துவக்கை நீட்டினார். மிச்ச ஐந்து ரவையும் அதே பெட்டி, அதே மருந்து. வோல்டர் சுட்டார். கடதாசியை எடுத்து வந்து மேசையில் வைத்தபோது ஐந்தும் ஒன்றை ஒன்று தொட்டபடி ஒரே ஓட்டையாக இருந்தன. அண்ணா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ரவையிலை பிழையில்லை" என்றார்.

திரும்பும்போதும் நான்தான் ஓட்டினேன். பிக்கரிங் வந்தபோது அண்ணா தொப்பியை இறக்கவில்லை.

பரிசோதனைகளுக்குப் பிறகு, தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய் என்று வைத்தியர் சொன்னார். இதற்கு மருந்து இல்லை என்றார். எப்போது தொடங்கியது என்று கேட்டார். "இரண்டு மாதம் இருக்கும்" என்றார் அண்ணா. நான் பக்கத்தில் இருந்தேன். மாசி மாதம் என்று சொல்லவில்லை.

பார்க்க வந்தவர்கள் "சுகர் கூடிட்டுதோ?" என்றார்கள். உண்மையைச் சொல்லிவிடுவோமா என்று அவரிடம் கேட்டேன். "விடு பிள்ளை. சுகர் எண்டே இருக்கட்டும். எல்லாருக்கும் விளங்கிற வருத்தம்" என்றார். பின்னர் கை போனது, நடை போனது, பேச்சும் போனது. இரண்டு வருடங்கள் நானும் கணவரும் மாறி மாறித் தூக்கினோம், துடைத்தோம், ஊட்டினோம். ஒரு நாளும் அவர் முகம் சுளித்ததில்லை. நான் சுளித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஆங்கில எழுத்துகள் போட்ட ஒரு பலகை கொடுத்தார்கள். அவருக்கு இடது கைச் சுட்டுவிரல் மட்டும் கொஞ்சம் அசையும். அதை வைத்து ஆங்கில எழுத்தில் தமிழ் பேசினார். ஒரு மத்தியானம் என்னால் அடக்க முடியவில்லை.

"அண்ணை, உங்கடை கை மெலிஞ்சதை நான் மாசியிலேயே கண்டனான். கேக்காமல் மேலை போய்ப் படுத்திட்டன்."

விரல் நகர்ந்தது. என். ஏ. ஏ. என். யு. எம். நானும்.

"நீங்களும் கண்டனீங்களோ?"

கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். ஓம் என்பதற்கு அதுதான் அடையாளம். மருந்தையும் சன்னத்தையும் மாற்றிக்கொண்டிருந்த அத்தனை மாதமும் தன் கையில்தான் பிழை என்று தெரிந்தே மாற்றியிருக்கிறார்.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

நீண்ட நேரம் எடுத்தது. எழுத்தெழுத்தாகச் சேர்த்தேன். களைப்பு.

"ஆருக்கு அண்ணை களைப்பு?"

விரல் பலகையை விட்டு விலகி என் பக்கம் திரும்பியது.

பன்னிரண்டு நாள் கழித்து, காலையில், நான் பக்கத்தில் இருக்கும்போதே அண்ணாவின் மூச்சு அடங்கியது.

அண்ணாவைத் தங்கள் உடன்பிறப்பாகப் பார்த்த தாதிமாருக்கும், கிரியைகளைச் செவ்வனே செய்த ஐயாவுக்கும், என்னோடு தோள் கொடுத்த என் கணவருக்கும் எங்கள் நன்றி. தமிழ் தெரியாவிட்டாலும் மூன்று மணித்தியாலம் செத்தவீட்டில் நின்ற வோல்டருக்கு நன்றி. பாகற்காய் கொண்டு வந்த மாமிக்கு நன்றியும், பொய் சொன்னதற்கு மன்னிப்பும். சுகர் என்று நம்பி அவருக்காகக் கவலைப்பட்ட எல்லோருக்கும் அப்படியே. உங்கள் கவலை பொய்யில்லை.

கைம்மாறு செய்ய என்னிடம் ஒன்றும் இல்லை, ஒரு வேண்டுகோள்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருடைய கையாவது மெலிந்திருக்கக் கண்டால், வேலையால் வந்து செருப்புக் கழற்றவும் மனமில்லாமல் நிற்கும் நேரமென்றாலும், அப்போதே கேட்டுவிடுங்கள். அவர்களும் உங்கள் களைப்பைப் பார்த்துக்கொண்டுதான் பேசாமல் இருப்பார்கள்.

தங்கை