சிவக்காத தண்ணீர்

என் ஆராய்ச்சி என்னவென்று அக்காவுக்கு விளக்கியது பெரிய மார்க்கெட்டில். எதிரே பூக்காரம்மா நாரில் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார்.

"அந்த மாதிரி நாருதான்க்கா நாங்க செய்யறது. தண்ணியில கரையற நாரு. பூவுக்குப் பதிலா மருந்தத் தொடுப்போம். தனியா வுட்டா மருந்து ஒடம்பு முழுக்க ஓடி நல்ல எடத்தையும் கெடுத்துடும். தொடுத்து அனுப்புனா, புத்துநோய் இருக்கற எடத்துக்குப் போயி அவுந்துக்கும்."

"பூ கட்றதுக்காடி இத்தினி வருஷம் படிச்ச?" என்றாள். பூக்காரம்மாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். அதைக் கிளப்பிவிடுவதில் அக்காவுக்குத் தனி சந்தோஷம்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நான் நெல்லித்தோப்பில் அவளும் மாமாவும் இருந்த வீட்டில்தான் தங்கி, ஆய்வுக்கூடத்துக்கு பஸ்ஸில் போய்வந்தேன். மருந்து நாரில் ஒட்டியதா என்று பார்க்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. கரைசலை மெல்லிய சவ்வுப் பையில் ஊற்றி, இரு முனையையும் முடிந்து, தண்ணீரில் மிதக்கவிடுவோம். நார் பெரிது, பையைத் தாண்டாது. ஒட்டாத மருந்து மட்டும் வெளியே கசியும். எங்கள் மருந்து சிவப்பு. காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் சிவந்திருக்கும். மாற்றி ஊற்றினால் மறுபடி சிவக்கும்.

"இன்னாடி, இன்னிக்கும் செவந்துச்சா?" என்பாள் சாயங்காலம்.

"செவந்துச்சு. அத்தனையும் ஓடிப்போச்சு. வேஸ்ட்டு" என்று பையைத் தூக்கி எறிவேன்.

அடுத்த வருஷம் அவளுக்கே மார்பில் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் பாட்டிலில் ஏற்றியதும் அதே சிவப்பு மருந்துதான், எந்த நாரிலும் தொடுக்காமல். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தபோது யார்மேல் என்று தெரியாமல் எனக்கு ஆத்திரம் வந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்குக் கைக்கே எட்டவில்லை.

முதல் முறை ஏற்றிக்கொண்டு வந்த அன்று, பாத்ரூமிலிருந்து வெளிறிப்போய் வந்தாள். "ஒண்ணுக்கு செவப்பாப் போவுதுடி."

"அந்த மருந்து அப்படித்தான். பயப்படாத" என்றேன்.

நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார் நர்சம்மா. இவளோ ஒவ்வொரு முறை மருந்து ஏற்றியதும் தண்ணீரைத் தொடவே மாட்டாள். வாய்ப்புண்தான் காரணம் என்று நினைத்தேன். மோர் கரைத்தேன், இளநீர் வாங்கிவந்தேன், கெஞ்சினேன், கத்தினேன். "அப்பறம் குடிக்கறேன்டி" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். உதடெல்லாம் வெடித்திருந்தது.

ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி ஏற்றிப் பயனில்லை என்று டாக்டர் மாமாவைத் தனியாக அழைத்துச் சொன்னார். மாமா என்னிடம் சொன்னார். அக்காவிடம் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் தைரியமில்லை.

அந்த வாரத்தில் ஒரு காலை, ஆய்வுக்கூடத்தில் பை மாதுளை நிறத்தில் மிதந்தது. சுற்றியிருந்த தண்ணீர் தெளிவாக இருந்தது. மாற்றிவிட்டு மத்தியானம் வரை காத்திருந்தேன். அப்போதும் சிவக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

"தண்ணி செவக்கலக்கா!"

மெதுவாகத் தலையைத் திருப்பினாள். "ஓடலியா?"

"கொஞ்சங்கூட ஓடல. எல்லாம் உள்ளயே நின்னுடுச்சு."

அவள் முகத்தில் எத்தனையோ நாளாக இல்லாத ஒரு தெம்பு. "அப்ப எனக்கு இனிமே உன்னுதயே ஏத்தச் சொல்லுடி. இவங்க ஏத்தறது ஓடிப்புடுது. தண்ணி குடிச்சா இன்னும் ஓடிப்புடுமேன்னுதான் வாயக் கட்டிக்கினு கெடந்தேன். தாகம் தாங்கலடி. உன்னுது வந்துட்டா குடிக்கலாம் இல்ல?"

எலிக்குக்கூட இன்னும் போட்டுப் பார்க்காத மருந்து அது. மனுஷருக்கு வர எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்கே தெரியாது.

"குடிக்கலாங்க்கா" என்றேன்.

தலையைத் தாங்கிப் பிடித்து டம்ளரை வாயருகே வைத்தேன். மூச்சு விடாமல் குடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துடி" என்றாள்.