முப்பது குழிப் பெட்டி

உள்ளறையிலிருந்து டங், டங் என்று இரண்டு முறை சத்தம் கேட்டது. தகரக் குவளையில் கரண்டி மோதுகிற சத்தம். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். செய்தோகுவுக்குப் பேச்சு போன இந்த மூன்று மாதத்தில் புருஷனும் பெண்டாட்டியும் உண்டாக்கிக்கொண்ட பாஷை அது.

"இருங்க தலைவரே, வந்துடறேன்."

எதிரே வந்து உட்கார்ந்த கியானிடம் சொல்லிவிட்டு, மிட்சுயோ தையல் எந்திரத்தை நிறுத்தி உள்ளே போனாள். கணவனின் தோளுக்கடியில் கை கொடுத்துத் திருப்பினாள். நசுங்கிய வலது காலுக்குத் தலையணை வைத்தாள். திரும்பி வந்தபோது எந்திரத்தின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் விரித்திருந்தது. அதன்மேல் தங்கக் காகிதம் சுற்றிய ஒரே ஒரு இனிப்பு.

"இது என்ன?"

"உன் வீட்டுப் பங்கு," என்றார் கியான். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்று, ஊர்த்தலைவராக ஆனவர். நல்ல மனிதர். யாரிடமும் 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவர். "அமெரிக்க முகாம்லேருந்து நேத்து வந்தாங்க. ஒரு மேஜர், பேச்சை மாத்திச் சொல்ல அந்தத் தெருயா பொண்ணு. ஊர் மன்றத்துல நின்னு இடுப்பு வரைக்கும் குனிஞ்சாங்கம்மா. பெட்டியை ரெண்டு கையாலயும் நீட்டினாங்க."

"நீங்க?"

கியான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நீட்டின கையை எப்படித் தள்ளுறது மிட்சுயோ? நானும் ரெண்டு கையால வாங்கிட்டேன்."

"எத்தனை இருந்தது பெட்டியில?"

"முப்பது. குழிக்கு ஒண்ணு."

"நம்ம ஊர்ல எத்தனை வீடு?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எண்ணி வாங்கி வந்திருக்கிறார்கள்.

மன்னிப்பு கேட்டு வருகிறவர் இனிப்புப் பெட்டியோடு வருவது ஜப்பானின் இந்த ஒகினாவாத் தீவில் வழக்கம். பெட்டியை வாங்கிக்கொண்டால் மன்னிப்பையும் வாங்கிக்கொண்டதாக அர்த்தம். மனம் ஒப்பவில்லையென்றால் கையில் தொடாமல் பாயிலேயே விட்டு, வந்தவர் பக்கம் நகர்த்திவிட வேண்டும். கியானுக்கு இது தெரியாததல்ல. ஆனால் நாற்பது வருஷம் நீட்டியதையெல்லாம் வாங்கிப் பழகிய தபால்காரர் கைகள் தாமாகவே முன்னால் போய்விட்டன. மன்றத்துக்கு வந்த பண்டத்தை வீடுவீடாகப் பங்கு வைப்பது இன்னொரு வழக்கம். காலையிலிருந்து இருபத்தொன்பது வீடு ஏறி இறங்கிவிட்டு, கடைசியாக இங்கே வந்திருந்தார்.

"வியாழக்கிழமை அந்தச் சமாதானத் தாளைக் கொண்டு வருவாங்க தலைவரே," என்றாள் மிட்சுயோ. "ஊரே ஏத்துக்கிட்டாச்சு, நீ மட்டும் ஏன் முத்திரை வைக்க மாட்டேங்கறேன்னு கேப்பாங்க."

அந்தத் தாளில் இருந்தது நாலு வரி. விபத்து ஒரு சிப்பாயின் தனிப்பட்ட செயல். அன்று அவனுக்கு விடுமுறை. படைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குடும்பமும் ஊரும் வருத்தத்தை ஏற்றுக்கொண்டு விஷயத்தை முடித்துக்கொள்கின்றன. இதற்குக் கீழே, கையெழுத்துக்குப் பதிலாக, தன் பெயர் முத்திரையை வைத்தால் ஆஸ்பத்திரிச் செலவு முழுதும் கைக்கு வந்துவிடும். மூன்று மாதமாக அவள் முத்திரையை மேசை இழுப்பறையை விட்டு வெளியே எடுக்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. படைத்தலைவர் மன்றத்துக்கு வந்து, ஊர் முன்னால் நின்று, 'எங்கள் படை செய்த குற்றம்' என்று வாயால் சொல்ல வேண்டும்.

வெறுப்பில் கேட்டவளல்ல மிட்சுயோ. முகாமின் இரண்டாம் வாசலுக்கு எதிரே சிப்பாய்களின் சட்டைக்குப் பெயர்ப்பட்டை தைக்கும் கடையில் பத்தொன்பது வயதில் சேர்ந்தவள். முதலாளி கண்மூடியபின் அதே கடையைத் தானே நடத்துகிறாள். முப்பத்தெட்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பெயர்! அறுந்த பொத்தானைக் காசு வாங்காமல் தைத்துக் கொடுப்பாள். அம்மா செத்த செய்தி வந்து கடை வாசலில் உட்கார்ந்து அழுத சிப்பாய்ப் பிள்ளைகளுக்குச் சூடாக நூடுல்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

பொழுது விடியும் நேரத்தில், ஆட்டுக்குப் புல் அறுக்கப் போன செய்தோகுவின்மேல் குடிபோதையில் காரை ஏற்றிவிட்டுப் போனவனின் பெயரைப் போலீசார் சொன்னபோது, அவள் கடை நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். விபத்துக்கு இரண்டு வாரம் முன்னால் அந்தப் பெயரைத் தைத்தவள் அவள்தான். மார்பின் வலப்பக்கம் அவன் பெயர். இடப்பக்கம் படையின் பெயர். அதையும் அவள்தான் தைத்தாள்.

"என்னை என்ன செய்யச் சொல்ற?" என்றார் கியான். கண்கள் கலங்கியிருந்தன.

"தொப்பியைப் போடுங்க. காலிப்பெட்டி எங்க?"

"மன்றத்துல."

"எடுங்க. நானும் கூட வரேன்."

பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கணவனுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு, தன் பங்கு இனிப்பையும் எடுத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். முதல் வீடு டோஃபு விற்கும் நோஹாவுடையது.

"ஐயையோ, திருப்பிக் கேக்கறீங்களா?" நோஹா வாயில் கை வைத்தாள். "அது வயித்துக்குள்ள போயி ரெண்டு மணி நேரமாச்சே. எதுத்த வீட்டுக்காரி சர்க்கரை நோயாளின்னு அவ பங்கையும் நானே தின்னேன்."

"அப்ப ரெண்டு குழிக்கு நீதான் பொறுப்பு."

"தலைவரே, குடுக்கும்போது நல்லா இளிச்சீங்க. இப்ப வசூலுக்கு வரீங்களா?"

"திட்டு, திட்டு," என்றார் கியான். "இருபத்தொன்பது வீட்டுலயும் வாங்கிக் கட்டிக்கத்தான் வந்திருக்கேன்."

நோஹா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பில்லை. கரும்பு வெல்லக் கட்டி இரண்டைக் குழிகளில் வைத்துவிட்டு, "நல்லா இருக்கணும் உன் வீட்டுக்காரர்," என்றாள்.

இப்படியே வீடுவீடாக நடந்தார்கள். தின்னாமல் வைத்திருந்தவர்கள் தங்கக் காகிதத்தோடு திருப்பித் தந்தார்கள். தின்றவர்கள் வீட்டிலிருந்ததைத் தந்தார்கள். பொரித்த மாவு உருண்டை, ஊதாச் சர்க்கரைவள்ளி வில்லை, தோட்டத்து எலுமிச்சை. ஒரு வீட்டில் கடற்பாசி முடிச்சு. மிட்சுயோ அழவில்லை. அழுதால் நடக்க முடியாது.

கோச்சியின் வீட்டில் மட்டும் கதவு பாதிதான் திறந்தது. அவருடைய இரண்டு மகன்களும் முகாம் சமையலறையில் வேலை பார்க்கிறார்கள்.

"எம் பிள்ளைங்க சோத்துல மண்ணைப் போடாத மிட்சுயோ. நான் எதையும் திருப்பித் தரலை. கேக்காத."

கியான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மிட்சுயோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க தலைவரே. அவர் பயம் அவருக்கு."

வியாழக்கிழமை மதியம் மேஜர் மிட்சுயோவின் வீட்டுக்கு வந்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டு, நீளக் கால்களை மடக்கத் தெரியாமல் மடக்கிப் பாயில் உட்கார்ந்தார். பக்கத்தில் தெருயா. இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த பெண். தாளை எடுத்துப் பணிவாக முன்னால் வைத்தாள்.

"ஊர் பெரிய மனசு பண்ணி ஏத்துக்கிட்டதுக்கு மேஜர் நன்றி சொல்றார் அக்கா. தலைவர் வாங்கினா ஊரே வாங்கின மாதிரிதானே, அதனால..."

"சரியாச் சொன்ன," என்றாள் மிட்சுயோ. "தலைவர் ஒருத்தர் கை நீட்டினா அது முப்பது வீட்டுக் கை. அப்ப உங்க ஆள் ஒருத்தன் காரேத்தினா, அது யாரு கார்? அதையும் அவருக்கு மாத்திச் சொல்லு."

தெருயா தயங்கினாள். பிறகு சொன்னாள். மேஜர் தரையைப் பார்த்தார். மெதுவாக ஏதோ பேசினார்.

"அவர் அந்தப் பையனைப் பார்த்ததுகூட இல்லையாம். அவன் தப்பைத் தான் எப்படிச் சுமக்க முடியும்னு கேக்கறார்."

மிட்சுயோ பெட்டியைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தாள். வெல்லமும் கிழங்கும் பாசியும் தங்கக் காகிதமும் கலந்து கிடந்தன. மேஜர் குனிந்து பார்த்தார். அவர் விரல் ஒரு இடத்தில் நின்றது.

"ஒண்ணு காலியா இருக்கேன்னு கேக்கறார். அப்ப இது மொத்த ஊரோட முடிவு இல்லையேங்கறார்."

"ஒருத்தர் தரலை. யாருன்னு சொல்ல மாட்டேன்," என்றாள் மிட்சுயோ. "அவரு வேற, நாங்க வேறன்னும் சொல்ல மாட்டேன். அவர் பயந்ததும் எங்க ஊர் பயந்ததுதான். அந்தக் காலிக் குழியை மறைக்காம உங்க முன்னாடி வெச்சிருக்கேன் பாருங்க. உங்க பையனை நீங்களும் அப்படி எங்க முன்னாடி வையுங்க. அவன் சட்டையில ரெண்டு பக்கமும் தைச்சவ நான். ஒரு பக்கத்தை மட்டும் கிழிச்சுப் போட்டுட்டு வந்து நிக்காதீங்க."

தெருயா மொழிபெயர்த்து முடித்தபோது அவள் குரல் கரகரத்திருந்தது. நல்ல முகம்தான் மேஜருக்கு. அந்த முகத்தைப் பார்க்க மிட்சுயோவுக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் அவள் தன் பார்வையை விலக்கவில்லை.

"வாசகத்தை மாத்த அவருக்கு அதிகாரம் இல்லையாம் அக்கா. மேல கேக்கணுமாம்."

"கேக்கட்டும். நான் எங்கயும் போகலை."

பெட்டியை மூடி இரண்டு கைகளாலும் நீட்டினாள். மேஜரின் கைகள் எழுந்தன. தெருயா அவசரமாக அவர் காதில் ஏதோ சொன்னாள். திருப்பி வாங்கினால் கேட்ட மன்னிப்பு கேட்காததாகிவிடும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லியிருப்பாள். அவர் கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு, என்ன நினைத்தாரோ, தலையை ஒருமுறை அசைத்துவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும்தான்.

முத்திரையில்லாத தாளைத் தெருயா மடித்துப் பைக்குள் வைத்தாள். வாசலில் மேஜர் பூட்ஸ் மாட்டும்போது அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அக்கா, உங்க கடைக்குச் சிப்பாய்ங்க யாரும் போகக்கூடாதுன்னு உத்தரவு போட்டுடுவாங்க."

"போடட்டும். நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குச் சீருடை தைப்பேன்."

"படைத்தலைவர் வரவே மாட்டார்னா?"

"அடுத்த மேஜர் வருவார். அவர்கிட்டயும் இதையேதான் சொல்வேன். நீதான் மாத்திச் சொல்ல வருவ."

வேலைக்காக வந்தவள் குனிவதைவிடத் தெருயா சற்று அதிகமாகவே குனிந்து வணங்கிவிட்டுப் படியிறங்கினாள். மேஜர் பெட்டியைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு காரில் ஏறினார். கார் திரும்பிக் கரும்புத் தோட்டத்துப் பாதையில் மறையும் வரை மிட்சுயோ வாசலில் நிமிர்ந்து நின்றாள். பிறகு இழுவைக் கதவை மூடித் தாழிட்டாள்.