ராஜையா சாரின் ஊமைப் பாடம்

மேஜைக்கு அடியில் நுழைந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடி, "வேர் ஆம் ஐ?" என்று கேட்கிறார் ராஜையா சார். "யூ ஆர் அண்டர் தி டேபிள்!" என்று வகுப்பு ஓட்டுக்கூரை அதிரக் கத்துகிறது. சாருக்கு நல்ல தடித்த உடம்பு. நுழைந்த வேகத்தில் வெளியே வர முடியாது. முன்பெஞ்சுப் பிள்ளைகள் மேஜையைத் தூக்கிப் பிடிக்க, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, அதே மூச்சில் நாற்காலிமேல் ஏறிவிடுகிறார். அடுத்த வார்த்தை "ஆன்".

எல்லையோரக் குன்னத்துகாலில் ஒரு தனியார் பள்ளியில் அவர் இங்கிலீஷ் சார். வழியே போகிறவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "சாருக்குக் கோட்டியாக்கும்" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அவருக்குப் பைத்தியம் ஒன்றும் கிடையாது. வகுப்பில் தமிழும் பேசுவதில்லை, மலையாளமும் பேசுவதில்லை என்று ஒரு விரதம். பயத்தில் பிறந்த விரதம் அது.

எல்லைப் போராட்டம் வருமுன், தாம் பேசுவது எந்தப் பாஷை என்று அவர் யோசித்ததே இல்லை. ஒரு வாக்கியம் தமிழில் புறப்பட்டு மலையாளத்தில் போய் இறங்கும். இந்த ஊர் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு ஊர்வலமும், கூடாது என்று ஒரு ஊர்வலமும் ஒரே சாலையில் போகத் தொடங்கிய பிறகு ஊருக்குக் காது கூர்மையாகிவிட்டது. "வாட்டர்" என்றால் வெள்ளம் என்று சொன்னார் சார். மறுநாளே பலசரக்குக் கடைப் பரமசிவன் வந்து நின்றார்.

"எனக்க பிள்ள தமிழ்ப் பிள்ளையாக்கும். தண்ணீருண்ணு சொல்லிக்குடுக்க ஒம்ம வாய்க்கு என்ன கேடு?"

பரமசிவன் தாகத்தோடு வீட்டுக்குப் போனால் கேட்பது வெள்ளம்தான். அது வேறு சங்கதி. சார் தண்ணீருக்கு மாறினார். உடனே கொப்பரை வியாபாரி கிருஷ்ணன்குட்டி வந்தார். "சாரே, ஞங்ஙட பிள்ளைகள மெட்ராசுக்குக் கடத்துகயாணோ?"

பள்ளி மானேஜர் கூப்பிட்டு அனுப்பினார். சாரின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "ரெண்டு பாஷையும் தெரியும்ணுதான் ஒம்மள எடுத்தேன். இப்ப அதுவே குழப்பமாட்டு இருக்கு. இனி ஒரு பராதி வந்தா வேற ஆளப் பாத்துக்கிடுவேன்."

அன்று தொடங்கியது விரதம்; அதிலிருந்து ஒவ்வொரு பாடமும் முதலில் வீட்டு அடுக்களையில் அரங்கேறுகிறது. மனைவி விஜயம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. இதே தகுதிகள் வகுப்பில் பாதிப் பேருக்கு உண்டு. அவளுக்குப் புரிந்த பாடம் எவருக்கும் புரியும் என்பது சாரின் கணக்கு. ஒருநாள் புளிப்பைச் சொல்லித்தர வேண்டியிருந்தது. "ஸவர்" என்று சொல்லி, கண்ணை இறுக்கி மூடி, முகத்தைச் சுளித்துக் காட்டினார்.

"வயறு வலிக்குதா? அந்தச் சக்கப்பழத்த அவ்வளவு திங்காண்டாம்ணு சொன்னேன்லா. கேட்டியளா?"

சுக்குக் கஷாயம் வந்துவிட்டது. வாயைத் திறந்து விளக்கினால் பாடம் தோற்றுவிடும். மடமடவென்று குடித்தார். முகம் தானாகச் சுளித்துக்கொண்டது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: முகத்தைக் காட்டினால் போதாது, ருசியை அவர்கள் நாக்கில் வைக்க வேண்டும். மறுநாள் வீட்டுப் புளியில் பாதி பள்ளிக்குப் போயிற்று. வார்த்தை வகுப்பு முழுவதற்கும் எச்சிலோடு இறங்கியது. விஜயம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "மீன் பாடம் என்னைக்குண்ணு முன்னமே சொல்லிப்போடணும். கொழம்பு வச்ச பெறவு சட்டியத் தூக்காண்டாம்."

இன்னொன்றும் அவர் கற்றுக்கொண்டார். முன்பெல்லாம் கேள்வியையும் அவரே கேட்டு, பதிலையும் அவரே சொல்லிவிடுவார். இப்போது கேட்டுவிட்டுக் காத்து நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. அவர் நிற்க நிற்க, பொறுக்க மாட்டாமல் பிள்ளைகள் பேச ஆரம்பித்தன.

போன வாரம் "குவாரல்" வந்தது. சண்டை. அடுக்களை ஒத்திகையில் அவர் முஷ்டியை ஆட்டியதைப் பார்த்து விஜயம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சண்டைக்கு வராத ஒரே காலை அதுதான். அரைகுறைப் பாடத்தோடு பள்ளிக்குப் போனால், விரதம் உண்மைதானா என்று பார்க்கப் பரமசிவனும் கிருஷ்ணன்குட்டியும் வந்து, கடைசிப் பெஞ்சின் இரண்டு கோடியிலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சார் காற்றைக் குத்தினார். "ஸ்விம்மிங்!" என்றது வகுப்பு. பல்லைக் கடித்துக் குதித்தார். "டான்ஸிங்!" சண்டை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. உதட்டை இறுக்கி அதை உள்ளேயே வைத்துக்கொண்டார். சட்டை நனைந்துவிட்டது.

பரமசிவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "சண்டைண்ணு ஒரு வார்த்த சொல்லித் தொலையும் ஓய்!"

"அதெங்ஙன? வழக்குண்ணு பறயணும்."

"எங்க ஊருல இருந்துகிட்டு நீரு எங்களுக்குப் படிப்பிக்கியரா?"

"ஆருட ஊரு?" என்று கிருஷ்ணன்குட்டி துள்ளி எழுந்தார். அவர் பாரம் போனதும் பெஞ்சு மறுபக்கம் சாய்ந்து, பரமசிவன் தரைக்குப் போனார். எழுந்த வேகத்தில் எதிராளியின் துண்டைப் பிடித்தார்.

சாரின் பிரம்பு தானாக நீண்டது. "குவாரல்!"

வகுப்பு திரும்பிப் பார்த்தது. எல்லா முகத்திலும் விளக்கு எரிந்தது. "குவாரல்!"

"ஹூ இஸ் குவாரலிங்?" இவ்வளவு நாள் பழகிய வாய், அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டது.

"பரமசிவன் அண்டு கிருஷ்ணன்குட்டி ஆர் குவாரலிங்!" உரக்கக் கத்தியவை அவர்கள் இருவருடைய சொந்தப் பிள்ளைகள்.

துண்டு உரியவர் தோளுக்குத் திரும்பியது. இருவரும் வெளியே போய் வராந்தாவில் நின்றார்கள். உள்ளே சார் பிரம்பை இறக்கவும் மறந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"மானேஜருட்ட போவோம், வாரும்."

"போயிட்டு எந்து பறயும்? சாரு தமிழு பறஞ்ஞோ? இல்ல. மலையாளம் பறஞ்ஞோ? அதும் இல்ல."

"நாம ரெண்டுபேரும் பிள்ளையளுக்க முன்ன சண்ட போட்டு, நான் மறிஞ்சு விழுந்த கதயச் சொல்லவா?" பரமசிவன் முதுகைத் தடவிக்கொண்டார். "ஆனா கேட்டீரா, எனக்க பய இவ்வளவு நீட்டி இங்கிலீசு பேசி நான் கேட்டதில்ல."

"என்ற மோளும் பறஞ்ஞல்லோ."

படியிறங்கும் செருப்புச் சத்தம் சாலைப் பக்கம் போயிற்று. மானேஜர் வீடு எதிர்த்திசை.

அதன் பிறகுதான் சார் பிரம்பை இறக்கினார். நாற்காலியில் சரிந்து, உள்ளங்கையால் நெற்றியிலிருந்து தாடைவரை முகத்தை வழித்து, "உஸ்ஸ்" என்று நீளமாக மூச்சு விட்டார். வகுப்பு கண்கொட்டாமல் பார்த்தது. பிறகு ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் பின்னால் சரிந்து, உள்ளங்கையால் முகத்தை வழித்து, "உஸ்ஸ்" என்றது.

இது பாடமில்லை என்று சொல்ல அவர் வாயெடுத்தார். இங்கிலீஷில் சொன்னால் அவர்களுக்குப் புரியாது. புரியும்படி சொல்ல விரதம் விடாது. வாயை மூடிக்கொண்டு, இன்னொரு முறை, கொஞ்சம் நிதானமாக, முகத்தை வழித்துக் காட்டினார்.